இளம் நட்சத்திரக் கொத்துகளை வைத்து ஒரு விண்மீன் மண்டலத்தின் உலோகச் செறிவை அளப்பது எப்படி: முதல்முறை இறங்குபவர்களுக்கு

பிஎச்டி சேர்ந்த முதல் வருடம் எனக்குக் கொடுத்த வேலை இது: எம்83 என்ற சுருள் மண்டலத்தின் (அதாவது கேலக்ஸியின்) இளம் நட்சத்திரக் கொத்துகளின் நிறமாலையை எடுத்துக்கொள், மையத்திலிருந்து விளிம்பு வரை உலோகச் செறிவு எப்படி மாறுகிறது என்று அளந்து சொல். தொலைநோக்கி நேரம் கேட்க வேண்டாம், தரவு எல்லாம் காப்பகத்தில் இலவசமாகக் கிடக்கிறது, ஐந்தாறு மாதத்தில் முடிந்துவிடும் என்றார்கள். பதினான்கு மாதம் ஆனது. அதில் எட்டு மாதம் வீண். எடுக்கக்கூடாத கொத்துகளை எடுத்துக்கொண்டு, அவற்றை மிகச் சரியான முறையில் அலசிக்கொண்டிருந்தேன். அதுதான் நடந்தது.

ஆகவே இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி எந்தக் கொத்தை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதைப் பற்றித்தான். பைத்தானும் லினக்ஸும் ஓரளவு தெரியும், நிறமாலை என்றால் என்னவென்று தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஆரம்பிக்கும் முன் இரண்டு சொற்கள். வானியலில் ஹைட்ரஜன், ஹீலியம் தவிர மற்ற எல்லாமே "உலோகம்"தான், ஆக்சிஜன் உட்பட. (வேதியியல் படித்த நண்பர்களிடம் சொல்லாதீர்கள், சண்டைக்கு வருவார்கள்.) அப்புறம் "டெக்ஸ்". இது பத்தின் அடுக்கில் சொல்லும் அளவு. 0.3 டெக்ஸ் என்றால் இரண்டு மடங்கு, 0.1 டெக்ஸ் என்றால் ஏறக்குறைய 26 சதவீதம். சூரியனுக்குச் சமமான செறிவு பூஜ்யம்.

இதற்குக் கொத்துகள் எதற்கு? ஒளிரும் ஹைட்ரஜன் மேகங்களின் உமிழ்வுக் கோடுகளை வைத்து ஆக்சிஜனைக் கணக்கிடுவதுதான் பழகிய வழி. ஆனால் பிரகாசமான கோடுகளின் விகிதத்தை மட்டும் வைத்துப் போடும் சூத்திரங்கள் ஒன்றுக்கொன்று 0.7 டெக்ஸ் வரை வேறுபடும், அதாவது ஐந்து மடங்கு. ஒரே மண்டலம், ஒரே தரவு, சூத்திரத்தை மாற்றினால் விடை மாறும். இளம் கொத்தில் இருக்கும் நட்சத்திரங்கள் சில கோடி ஆண்டுகளுக்கு முன் அதே வாயுவிலிருந்து பிறந்தவை. அவற்றின் நிறமாலையிலிருந்து கிடைக்கும் எண்ணுக்கு அந்தச் சூத்திரங்களோடு எந்தத் தொடர்பும் இல்லை. தனி நட்சத்திரம் அவ்வளவு தூரத்தில் மங்கல். கொத்து என்றால் லட்சம் சூரிய நிறை ஒரே புள்ளியில் எரிகிறது.

1. மண்டலத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதல் முறை என்றால் யோசிக்காமல் எம்83, அதாவது என்ஜிசி 5236, எடுங்கள். ஏறக்குறைய 1.5 கோடி ஒளியாண்டு தூரம், கிட்டத்தட்ட நம்மை நேராகப் பார்க்கும் தட்டு, பெரிய கொத்துகள் நிறைய, ஹபிள் படமும் சிலியில் உள்ள பெரிய தொலைநோக்கிகளின் நிறமாலையும் காப்பகத்தில் உண்டு. வானத்தில் சித்திரை நட்சத்திரத்திலிருந்து நேர் தெற்கே 19 பாகை. சித்திரை மாதம் நள்ளிரவில் நம் ஊரிலிருந்தும் உச்சத்தில் இருக்கும். வேலைக்கு அது உதவாது, ஆனால் பைனாகுலரில் ஒருமுறை பார்த்து வையுங்கள்.

வேறு மண்டலம்தான் வேண்டும் என்றால் தூரத்தைப் பாருங்கள். எம்83 தூரத்தில் ஒரு ஆர்க்நொடி (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) என்பது 24 பார்செக் (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு). கொத்தின் அகலமோ சில பார்செக்தான். தரையிலிருந்து எடுக்கும்போது கொத்தோடு அக்கம்பக்கமும் சேர்ந்தே ஸ்லிட்டுக்குள், அதாவது ஒளியைக் கருவிக்குள் விடும் குறுகிய பிளவுக்குள், வரும். இரட்டிப்பு தூரம் போனால் கொத்தின் ஒளி கால்பங்காகும், அதோடு ஒப்பிட்டால் இந்தக் கலப்படம் நான்கு மடங்காகும். ஆன்டெனா மண்டலங்கள் 7 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருந்தும் 2015-இல் அங்கே மூன்று கொத்துகளை வைத்து அளந்திருக்கிறார்கள். முடியும், ஆனால் முதல் வேலையாக வேண்டாம். விளிம்பு தெரியும்படி சாய்ந்து நிற்கும் மண்டலங்களையும் விடுங்கள், தூசியோடு மல்லுக்கட்டியே வருடம் போய்விடும்.

2. கணக்குகள், காகிதங்கள்: முதல் வாரத்திலேயே

ஐரோப்பிய தென்வான ஆய்வகத்தின் பயனர் தளத்தில் ஒரு கணக்கு, ஹபிள் தரவு இருக்கும் மாஸ்ட் காப்பகத்தில் ஒரு கணக்கு. இரண்டும் இலவசம், நாடு தடையில்லை. கல்லூரி மின்னஞ்சல் கொடுங்கள். படிப்பு முடிந்ததும் அந்த முகவரி செத்துவிடும் என்றால் சொந்த முகவரியையும் சேர்த்து வையுங்கள்.

ஒரு குறிப்பேடு போட்டு ஒவ்வொரு கோப்புக்கும் மூன்றை எழுதுங்கள்: ப்ரோக்ராம் எண் (தொலைநோக்கி நேரம் கேட்ட விண்ணப்பத்தின் எண்), எடுத்த தேதி, பொதுவில் வெளியாகும் தேதி. தென்வான ஆய்வகத்தின் தரவு வழக்கமாக ஒரு வருடம் விண்ணப்பித்தவருக்கு மட்டும்தான். பட்டியலில் தெரியும், இறங்காது. நான் மிக நல்ல மூன்று கொத்துகளைத் தேர்ந்தெடுத்து இரண்டு வாரம் திட்டமெல்லாம் போட்ட பிறகுதான் அவை இன்னும் ஏழு மாதம் பூட்டில் இருப்பதைப் பார்த்தேன். முதலில் தேதி, பிறகு ஆசை.

ஆர்க்சைவ் என்ற இலவச ஆய்வுக்கட்டுரைத் தளத்தில் முதல்முறை கட்டுரை போட ஏற்கெனவே அங்கே எழுதுபவர் ஒருவரின் ஒப்புதல் தேவைப்படலாம். கடைசி நேரத்தில் ஓடாமல் இப்போதே யாரிடம் கேட்பது என்று முடிவு செய்துவிடுங்கள்.

3. கொத்துகளைச் சலித்தெடுங்கள்: இங்கேதான் நேரத்தைப் போட வேண்டும்

லீகஸ் என்ற ஹபிள் திட்டம் 50 அருகாமை மண்டலங்களைப் புற ஊதாவிலிருந்து சிவப்பு வரை ஐந்து வடிப்பான்களில் படம்பிடித்தது. அதன் கொத்துப் பட்டியல்கள் மாஸ்டில் இலவசம். எம்83-ஐ ஹபிளின் மூன்றாம் அகல்புலக் கேமரா பொருத்தப்பட்ட 2009-ஆம் ஆண்டிலேயே எடுத்துவிட்டார்கள். இம்மாதிரிப் பட்டியல்களில் ஒவ்வொரு கொத்துக்கும் வயது, நிறை, தூசியின் அளவு, ஒரு வகை எண் இருக்கும். லீகஸ் முறையில் 1 என்றால் உருண்டையாகச் செறிந்தது, 2 என்றால் கொஞ்சம் நீண்டது, 3 என்றால் பல உச்சிகள் கொண்ட தளர்ந்த கூட்டம், 4 என்றால் கொத்தே இல்லை. 1, 2 மட்டும் எடுங்கள்.

அடுத்தது வயது. இந்த வேலையின் உயிர்நாடி இதுதான்.

கொத்து பிறந்து ஏறக்குறைய 70 லட்சம் ஆண்டு ஆனதும் அதிலுள்ள மிகக் கனமான நட்சத்திரங்கள் வீங்கிச் சிவந்துவிடும். நம் திருவாதிரையும் கேட்டையும் அந்த ஜாதி: சிவப்பு மீப்பெருமீன்கள். லட்சம் சூரிய நிறையுள்ள கொத்தில் இப்படிச் சில டஜன் இருந்தால் போதும், அகச்சிவப்பில் கொத்தின் வெளிச்சத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அவற்றுடையதுதான். அதாவது லட்சக்கணக்கான நட்சத்திரம் கொண்ட கொத்து, அகச்சிவப்பில் ஒரே ஒரு திருவாதிரை போல நடந்துகொள்ளும். ஜே-பட்டை என்ற அகச்சிவப்புப் பகுதியில் 1.15 முதல் 1.22 மைக்ரான் வரையுள்ள சின்னத் துண்டில் இரும்பு, மக்னீசியம், சிலிக்கான், டைட்டானியம் கோடுகள் தெளிவாக நிற்கும். இந்தத் துண்டு மட்டும் போதும், ஏறக்குறைய 3,000 பிரிதிறனே (அலைநீளங்களை எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கிறது என்ற அளவு) போதும் என்று 2010-இல் பென் டேவிஸ், ரோல்ஃப்-பீட்டர் குட்ரிட்ஸ்கி, டான் ஃபைஜர் மூவரும் காட்டினார்கள். முழு முறையும் இந்தத் தந்திரத்தின் மேல்தான் நிற்கிறது.

இது 70 லட்சம் முதல் 5 கோடி ஆண்டு வரைதான் செல்லும். அதற்குக் குறைந்த வயதில் சிவப்பு நட்சத்திரங்கள் இன்னும் வரவில்லை, வெப்ப நீல நட்சத்திரங்களின் ஒளியும் வாயுவின் ஒளியும் நிறமாலை முழுவதும் பரவி நிற்கும். கோடுகள் இருந்தாலும் நீர்த்துப்போய் ஆழம் குறைவாகத் தெரியும். ஆழம் குறைந்த கோட்டைப் பார்த்து மாதிரி (நம் நிறமாலையோடு ஒப்பிடக் கணினியில் கணித்து வைத்த நிறமாலை) என்ன சொல்லும்? "உலோகம் குறைவு" என்று சொல்லும். நம்பிக்கையோடு, சின்னப் பிழைக்கோடு போட்டுச் சொல்லும்.

என் எட்டு மாதம் போனது இங்கேதான். மையத்துக்கு அருகில் நான் எடுத்த நான்கு கொத்துகளும் மிகப் பிரகாசமானவை. பிரகாசம் எதனால் என்றால், 40 லட்சம் வயது என்பதால். விளைவாக, மையத்தில் உலோகம் குறைவு, விளிம்பில் அதிகம் என்று தலைகீழ் வரைபடம் வந்தது. புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு வாரம் தூங்கவே இல்லை.

சலிக்கும்போது இதைச் செய்யுங்கள்:

- ஹைட்ரஜன்-ஆல்பா (ஒளிரும் ஹைட்ரஜன் வாயுவின் சிவப்புக் கோடு) வடிப்பான் படத்தை எடுத்து ஒவ்வொரு கொத்தையும் கண்ணால் பாருங்கள். கொத்தின் மேலேயே வாயு ஒளிர்ந்தால் விடுங்கள். சுற்றிலும் குமிழிபோல் விலகி நின்றால் வயது போதுமானதாக இருக்கலாம். எதுவுமே இல்லை என்றால் நல்லது.
- பட்டியலில் உள்ள வயதைச் சத்தியவாக்காக எடுக்காதீர்கள். தூசி மூடிய இளங்கொத்தும் தூசியில்லாத மூத்த கொத்தும் நிறத்தில் ஒன்றுபோலவே தெரியும். புற ஊதா அளவு இல்லாமல் கணித்த வயது என்றால் இன்னும் மோசம்.
- நிறமாலை கைக்கு வந்ததும் 8498, 8542, 8662 ஆங்ஸ்ட்ராமில் கால்சியத்தின் மூன்று கோடுகளைப் பாருங்கள். ஆழமாக இருந்தால் சிவப்பு நட்சத்திரங்கள் வந்துவிட்டன. சாட்சிக்கு இதைவிட நல்ல ஆள் கிடையாது.

பிறகு நிறை. நம் பால்வழியில் ஆர்எஸ்ஜிசி-1 என்ற கொத்தில் 14 சிவப்பு மீப்பெருமீன்கள், ஆர்எஸ்ஜிசி-2-இல் 26. இரண்டுமே சில பத்தாயிரம் சூரிய நிறை. உங்கள் கொத்து பத்தாயிரம்தான் என்றால் அதில் விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருக்கும், ஒன்று கூடினாலும் குறைந்தாலும் நிறமாலை மாறிவிடும். ஐம்பதாயிரத்துக்குக் கீழே போகாதீர்கள், லட்சத்துக்கு மேல் என்றால் நிம்மதி. படத்தை வைத்துக் கணித்த நிறை இரண்டு மடங்கு வரை தவறலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

கடைசியாகத் தனிமை. ஹபிள் படத்தில் கொத்தைச் சுற்றி ஒரு ஆர்க்நொடி வட்டம் போட்டு, உள்ளே வேறு பிரகாசமான எதுவும் இல்லை என்று பாருங்கள்.

இவ்வளவும் சலித்தால் நூற்றுக்கணக்கில் தொடங்கிய பட்டியல் பத்துப் பதினைந்தாகச் சுருங்கும். பயப்படாதீர்கள், அவ்வளவுதான் இருக்கும். எட்டு நல்ல கொத்து முப்பது சந்தேகக் கொத்தைவிட மேல்.

5 கோடியைவிட மூத்ததும் 70 லட்சத்துக்குக் குறைந்ததும் வீண் என்று அர்த்தமில்லை. அவற்றுக்கு முழு நிறமாலையையும் வயதுவாரியான நட்சத்திரக் கலவையாகக் கட்டிப் பொருத்தும் முறை உண்டு. மிக இளையவற்றுக்குப் புற ஊதாவே வழி, 2019-இல் ஸ்வேயா ஹெர்னாண்டஸ் குழுவினர் எம்83 கொத்துகளுக்கே அதைச் செய்தார்கள். இரண்டும் கடினம், இந்தக் கட்டுரையில் அவற்றுக்குள் போகவில்லை.

4. நிறமாலையை இறக்கும் முன் ஹெடரைப் படியுங்கள்

நான் பயன்படுத்தியது சிலியின் பாரனால் மலையில் உள்ள விஎல்டி ("மிகப் பெரிய தொலைநோக்கி" என்பதே அதன் பெயர்) தொலைநோக்கியின் எக்ஸ்-ஷூட்டர் கருவி. நீலம், சிவப்பு, அகச்சிவப்பு மூன்றையும் ஒரே நேரத்தில் எடுக்கும். வயதுக்குக் கால்சியமும் செறிவுக்கு ஜே-பட்டையும் ஒரே இரவின் தரவில் கிடைப்பதால் புதியவருக்கு இதுதான் வசதி.

இறக்கும் முன் ஹெடரில், அதாவது கோப்பின் தலையில் உள்ள விவரக் குறிப்பில், பார்க்க வேண்டியவை. ஒன்று, நிறமாலை எடுத்த நேரத்துக்கு அருகில், அதே உயரத்தில் ஒரு வெப்ப நட்சத்திரத்தையும் எடுத்திருக்கிறார்களா? நம் காற்றின் கோடுகளைக் கழிக்க அது வேண்டும். இரண்டு, வானத்துக்கென்று தனிப் படம் இருக்கிறதா? இதை அடுத்த படியில் விளக்குகிறேன், ஆனால் இல்லையென்றால் இப்போதே யோசியுங்கள். மூன்று, கே-பட்டையைத் தடுக்கும் வடிப்பானோடு எடுத்ததா? ஸ்லிட்டின் பெயரில் ஜேஎச் என்று இருந்தால் ஆம். ஜே-பட்டைக்கு அது நல்லது, சிதறும் வெளிச்சம் குறையும். ஆனால் 2.29 மைக்ரானில் கார்பன் மோனாக்சைடு பட்டையை வைத்து வயதைச் சரிபார்க்கலாம் என்ற வாய்ப்பு போய்விடும்.

காப்பகத்தில் ஏற்கெனவே சுத்தம் செய்த நிறமாலையும் கிடைக்கும். ஆசையாக இருக்கும். அது தனியாக நிற்கும் ஒரு நட்சத்திரத்துக்குச் சரி, நெரிசலான சுருள் கரத்துக்குச் சரிவராது. கொத்து இருக்கிறதா என்று எட்டிப்பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்புகளை, அளவீட்டுக் கோப்புகள் சேர்த்து இறக்குங்கள். எனக்குப் பத்துக் கொத்துக்கு 40 ஜிபி ஆனது. விடுதி இணையத்தில் மூன்று இரவு.

5. வான ஒளியைக் கழித்தல்

மூலக் கோப்புகளைச் சுத்தம் செய்யும் மென்பொருளான தென்வான ஆய்வகத்தின் பைப்லைன் இலவசம். லினக்ஸ் அல்லது மேக் வேண்டும், விண்டோஸ் என்றால் உள்ளே லினக்ஸ் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். நிறுவ ஒரு நாள் ஒதுக்குங்கள், எரிச்சலுக்கு இன்னொரு நாள்.

அகச்சிவப்பில் நம் காற்றுமண்டலமே ஒளிரும். ஹைட்ராக்சில் மூலக்கூறின் கோடுகள் கொத்தைவிடப் பிரகாசமாக நிற்கும். இதைக் கழிக்க வழக்கமான வழி நாடிங்: கொத்தை ஸ்லிட்டின் ஒரு பக்கத்தில் வைத்து ஒரு படம், மறுபக்கத்தில் வைத்து ஒரு படம், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழி. ஸ்லிட்டின் நீளம் 11 ஆர்க்நொடி. எம்83-இல் அது 260 பார்செக். சுருள் கரத்தில் 260 பார்செக் நீளத்துக்கு வெற்றிடம் எங்கே இருக்கிறது? நீங்கள் "வானம்" என்று கழிப்பது பக்கத்துக் கொத்தின் வெளிச்சமாக இருக்கும். என் இரண்டாவது கொத்தில் ஹைட்ரஜன்-ஆல்பா பூஜ்யத்துக்குக் கீழே பள்ளமாக வந்தது. பைப்லைன் கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்று முறை மறுபடி நிறுவினேன். பைப்லைன் சரியாகத்தான் இருந்தது, நான் பக்கத்து வாயு மேகத்தைக் கழித்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் மண்டலத்துக்கு வெளியே திருப்பி எடுத்த தனி வானப் படம் இருக்கும் இரவுகளை முதலில் எடுங்கள். இல்லாத இடத்தில், ஹபிள் படத்தின் மேல் ஸ்லிட்டை அதன் கோணத்தோடு வரைந்து, எந்தப் பகுதி வெறுமையாக இருக்கிறது என்று பார்த்து அதை மட்டும் வானமாகக் கொடுங்கள். ஸ்லிட்டின் கோணம் ஹெடரிலேயே இருக்கும். இந்த வரைபடத்தை ஒவ்வொரு கொத்துக்கும் அச்சிட்டுச் சுவரில் ஒட்டினேன். வழிகாட்டியிடம் பேசும்போது இதைவிட உதவியது வேறெதுவும் இல்லை.

பிறகு காற்றின் கோடுகள். மோலெக்ஃபிட் என்ற மென்பொருள் அன்றைய இரவின் ஈரப்பதத்தைக் கணித்து நீராவிக் கோடுகளை மாதிரியாக உருவாக்கித் தரும். 1.15 மைக்ரானுக்குக் கீழே நீராவி அடர்ந்திருக்கும், அங்கே சண்டை போடாமல் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள்.

முடிவில் சிக்னல்-இரைச்சல் விகிதம் 100 அளவில் இருக்க வேண்டும். 50 என்றால் பிழை பெருகும். 30 என்றால் அந்தக் கொத்தை விட்டுவிடுங்கள், எவ்வளவு பாசம் இருந்தாலும்.

6. அலைநீளம்: காற்றா, வெற்றிடமா?

சின்ன வேலை, பெரிய பொறி. எக்ஸ்-ஷூட்டர் பைப்லைன் காற்றில் உள்ள அலைநீளத்தைத் தரும். பல மாதிரி நிறமாலைகள் வெற்றிட அலைநீளத்தில் இருக்கும். 5000 ஆங்ஸ்ட்ராமில் வித்தியாசம் 1.4 ஆங்ஸ்ட்ராம், வேகத்தில் சொன்னால் வினாடிக்கு 80 கி.மீ.க்கும் மேல். எம்83 நம்மைவிட்டு விலகும் வேகமே வினாடிக்கு 510 கி.மீ. அளவுதான். அப்புறம் பூமி சூரியனைச் சுற்றும் வேகத்துக்கான திருத்தம், வினாடிக்கு 30 கி.மீ. வரை. இதைப் பைப்லைன் தானாகச் செய்யாது. எல்லாக் கொத்துக்கும் வேகத்தைக் கணித்துப் பட்டியல் போடுங்கள். மண்டலத்தின் சுழற்சிக்குப் பொருந்தாமல் ஒன்று மட்டும் நூறு கி.மீ. தள்ளி நின்றால் கொத்தைச் சந்தேகிக்கும் முன் உங்களைச் சந்தேகியுங்கள்.

7. மாதிரியோடு பொருத்துதல்

எல்லாரும் பயப்படும் படி, உண்மையில் சுலபமானது. சிவப்பு மீப்பெருமீன்களுக்கு முன்கூட்டியே கணித்து வைத்த மாதிரி நிறமாலைத் தொகுப்பு உண்டு. நான்கு எண்களை மாற்றி மாற்றிப் பொருத்த வேண்டும்: வெப்பநிலை (3,400 முதல் 4,400 கெல்வின் வரை தேடினால் போதும்), மேற்பரப்பு ஈர்ப்பு, வாயுவின் நுண்கொந்தளிப்பு (கோடுகளை அகலப்படுத்தும் சின்னச் சின்ன அசைவு), உலோகச் செறிவு. வழக்கமான லேப்டாப்பில் ஒரு கொத்துக்குச் சில மணி நேரம்.

கவனிக்க வேண்டியது கருவியின் பிரிதிறன். ஹெடரில் உள்ள ஸ்லிட் அகலத்தை வைத்துக் கையேட்டில் இருக்கும் எண்ணை அப்படியே போடாதீர்கள். அன்றைய இரவில் காற்று அமைதியாக இருந்து, கொத்தின் பிம்பம் ஸ்லிட்டைவிடச் சின்னதாக இருந்திருந்தால் உண்மையான பிரிதிறன் அதைவிட அதிகம். தவறான பிரிதிறன் கோட்டின் ஆழத்தை மாற்றும், ஆழம் செறிவை மாற்றும். அதையும் ஒரு மாறியாக விட்டுப் பொருத்துங்கள்.

நுண்கொந்தளிப்பும் செறிவும் ஒன்றோடொன்று விளையாடும்: ஒன்று ஏறினால் மற்றது இறங்கி அதே பொருத்தம் கிடைக்கும். ஒரே சிறந்த எண்ணை எழுதாமல் முழு நிகழ்தகவுப் பரப்பையும் வரைந்து பாருங்கள். 0.1 முதல் 0.15 டெக்ஸ் பிழை வந்தால் நல்ல வேலை. 0.03 வந்தால் எங்கேயோ தவறு.

கார்பன், நைட்ரஜன் இரண்டையும் இந்த நட்சத்திரங்களில் நம்பாதீர்கள். உள்ளே எரிந்த சரக்கு மேலே கலந்துவிடுவதால் பிறந்தபோது இருந்த அளவு இப்போது இருக்காது. இரும்பும், மக்னீசியம், சிலிக்கான், டைட்டானியம் போன்ற ஆல்ஃபா தனிமங்களும்தான் பிறப்புச் சான்றிதழ்.

புதிய கொத்துகளுக்குப் போகும் முன், ஏற்கெனவே வெளியான ஒரு கொத்தை நீங்களே முதலிலிருந்து செய்து அதே விடை வருகிறதா பாருங்கள். சாக் கசாக் குழுவினர் 2014-இல் எம்83, என்ஜிசி 6946 இரண்டிலும் ஒவ்வொரு கொத்தை இதே ஜே-பட்டை முறையில் செய்திருக்கிறார்கள். நான் இதைப் பத்தாவது மாதத்தில் செய்தேன். முதல் மாதத்தில் செய்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

8. மண்டலத்தின் மேல் பரப்பி வைத்தல்

வானத்தில் தெரியும் தூரம் உண்மையான தூரம் அல்ல, தட்டு சாய்ந்திருக்கிறது. எம்83-க்குச் சாய்வு ஏறக்குறைய 24 பாகை. அதை நிமிர்த்திக் கணக்கிட்டால்தான் மையத்திலிருந்து கொத்தின் தூரம் சரியாக வரும். தூரத்தை ஒளித்தட்டின் ஆரத்தில் எத்தனை பங்கு என்றும் எழுதுங்கள், எம்83-க்கு அந்த ஆரம் 6.44 ஆர்க்நிமிடம், சுமார் 9 கிலோபார்செக்.

பிறகு வாயு மேகங்களின் ஆக்சிஜன் அளவோடு ஒப்பிடுவீர்கள். இங்கே மூன்று பொறி. சூரியனின் ஆக்சிஜன் அளவு என்று அவர்கள் எந்த எண்ணை எடுத்தார்கள் என்று பாருங்கள். 8.69 (ஹைட்ரஜனை 12 என்று வைத்த பத்தடுக்கு அளவில்) என்பது 2009 முதல் பரவலாகப் பயன்படுவது, பழைய கட்டுரைகள் இதைவிட அதிகமான எண்ணை வைத்திருக்கும். அடுத்து, வாயுவில் உள்ள ஆக்சிஜனில் ஏறக்குறைய 0.1 டெக்ஸ் தூசியில் பூட்டிக்கிடக்கும். நட்சத்திரத்துக்குள் அது சேர்ந்துவிடும். மூன்றாவது, நீங்கள் அளந்தது இரும்பும் மக்னீசியமும், அவர்கள் அளந்தது ஆக்சிஜன். சூரியனில் உள்ள அதே விகிதம் இங்கேயும் என்று எடுத்துக்கொண்டுதான் ஒப்பிடுகிறீர்கள் என்பதைக் கட்டுரையில் வெளிப்படையாக எழுதுங்கள், நடுவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

9. செலவு, காலம், அனுப்புதல்

தரவு, மென்பொருள் எல்லாம் பூஜ்யம் ரூபாய். 16 ஜிபி நினைவகம் உள்ள லேப்டாப் போதும், 8 ஜிபியில் பைப்லைன் அடிக்கடி மூச்சுத்திணறும். ஒரு டிபி வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள், இரண்டாக வாங்கினால் இன்னும் நல்லது. எங்கள் துறையின் சர்வர் ஒரு நாள் கண்ணை மூடியது. அதில் மட்டும் இருந்த ஆறு வாரச் சுத்திகரிப்பு அதோடு போனது.

காலத்தை இப்படிப் பிரியுங்கள்: கணக்கு, காப்பகத் தேடல் இரண்டு வாரம், கொத்துச் சலிப்பு எட்டு வாரம், பழைய கொத்து ஒன்றைத் திரும்பச் செய்து பார்க்க மூன்று வாரம், சுத்திகரிப்பு ஆறு வாரம், பொருத்துதல் மூன்று வாரம், எழுத இரண்டு மாதம். சலிப்புக்கு எட்டு வாரமா என்று உங்கள் வழிகாட்டி கேட்பார். என் கதையைச் சொல்லுங்கள்.

வெளியீட்டுக் கட்டணத்தை எழுதத் தொடங்கும் முன் விசாரியுங்கள். அமெரிக்க வானியல் சங்கத்தின் இதழ்கள் 2022 முதலும், லண்டன் ராயல் வானியல் கழகத்தின் மாத இதழ் 2024 முதலும் முழுக்கத் திறந்த முறைக்கு மாறிவிட்டன. படிக்க இலவசம், எழுதியவர் கட்டணம் கட்ட வேண்டும், தொகை லட்ச ரூபாயைத் தாண்டும். 2025-இல் இந்தியாவில் வந்த ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தால் இதழ்களைப் படிக்கும் சிரமம் குறைந்திருக்கிறது, ஆனால் அதை நம்பி இந்தக் கட்டணத்துக்கும் வழி பிறந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். கட்டண விலக்கு கேட்பதென்றால் கட்டுரையை அனுப்பும்போதே கேளுங்கள், ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால் சங்கடம். எங்கே அனுப்பினாலும் ஆர்க்சைவில் ஒரு பிரதி போட்டுவிடுங்கள்.

நன்றியுரையில் பயன்படுத்திய ஒவ்வொரு ப்ரோக்ராம் எண்ணும் வர வேண்டும், அதுதான் இலவசத் தரவுக்கு அவர்கள் கேட்கும் ஒரே விலை. எனக்கு ஒரு எண் விட்டுப்போய், அச்சுக்குப் போகும் முன் ப்ரூஃப் பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது. இரண்டாம் படியில் போடச் சொன்ன குறிப்பேடு இருந்தால் அதிலிருந்து நகலெடுத்தால் போதும்.